ஈரலில் கொழுப்பு என்றால் சீனியையும் பார்ப்போம்

(தோட்டத் தலைவர்மார், மாதர் தலைவிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஸ்கேன் துண்டில் 'ஈரலில் கொழுப்பு' என்று எழுதியிருந்தால் நம் பெண்கள் முதலில் சொல்வது, "நாங்க குடிக்கிறதே இல்லையே" என்பதுதான். பிறகு துண்டை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறோம். அந்த வெட்கம் வேண்டாம். குடி ஈரலைக் கெடுப்பது உண்மை. ஆனால் குடிக்காதவர்களுக்கும் ஈரலில் கொழுப்புப் படியும்.

மலை ஏறி இறங்கி உழைக்கும் நமக்குமா? ஆம். நுவரெலியா மாவட்டத் தோட்டப் பகுதியில் நடத்தி 2011இல் வெளியான ஆய்வில், குடியால் வராத ஈரல் கொழுப்பு நூற்றுக்கு 18 பேருக்கு இருந்தது.

இந்தக் கொழுப்பு பெரும்பாலும் ஈரலோடு நிற்பதில்லை. இரைப்பைக்குப் பின்னால் கணையம் இருக்கிறது. இரத்தத்தில் சீனியைக் கட்டுப்படுத்தும் இன்சுலினைச் சுரப்பது அதுதான். ஈரலில் கொழுப்புள்ள பலருக்குக் கணையத்திலும் கொழுப்பு இருக்கிறது.

நம் சாப்பாட்டை நினைத்துப் பாருங்கள். விடிந்ததும் சீனி போட்ட தேத்தண்ணி, கோதுமை மா ரொட்டி, பகலுக்கும் ரொட்டி, இரவில் சோறு. உடம்பு செலவழித்தது போக மிஞ்சுவதை ஈரல் கொழுப்பாக்கிச் சேர்க்கிறது. ஈரல் நிறைந்தால் கொழுப்பு இரத்தத்தின் வழியே கணையத்துக்கும் போகிறது. கணையம் தளர்ந்தால் சீனி ஏறுகிறது. லயத்தில் ஒரு காம்பராவின் கூரை ஒழுகினால் அடுத்த காம்பராவின் சுவரிலும் ஈரம் ஏறுவது போலத்தான்.

கணையம் மறைவாக இருப்பதால் சாதாரண ஸ்கேனில் பல நேரம் தெளிவாகத் தெரியாது. ஆகவே ஈரலில் கொழுப்பு என்று துண்டு வந்தால், வெறும் வயிற்றில் இரத்தச் சீனியையும் பார்க்கும்படி டொக்டரிடம் கேட்போம்.

திருத்தவும் வழி இருக்கிறது. இங்கிலாந்தின் நியூகாசல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ரோய் டெய்லர் குழுவினர், சீனி வியாதி வந்து அதிக காலம் ஆகாத 11 பேருக்கு 8 வாரம் மிகக் குறைந்த உணவு கொடுத்துப் பார்த்தார்கள். ஒரே வாரத்தில் வெறும் வயிற்றுச் சீனி சாதாரண அளவுக்கு வந்தது. ஈரல், கணையம் இரண்டிலும் கொழுப்பு குறைந்தது. இது 2011இல் வெளியானது. அது டொக்டர்கள் மேற்பார்வையில் நடந்தது. நாமாகப் பட்டினி கிடக்கவோ மருந்தை நிறுத்தவோ கூடாது. தேத்தண்ணியில் சீனியைக் குறைப்போம். ரொட்டியில் ஒன்றைக் குறைத்துப் பருப்பும் கீரையும் கூட்டுவோம். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீற்றரைத் தாண்டாமல் பார்ப்போம்.

ஆனால் மலிவாக வயிறு நிரப்புவது மாதான். கிளினிக் போனால் அன்றைய பேரும் போகிறது. இதை நம் வாயை மட்டும் கட்டித் தீர்க்க முடியாது. பேர் வெட்டாமல் வருடத்துக்கு ஒரு தடவையாவது தோட்டத்திலேயே சீனிப் பரிசோதனை நடக்க வேண்டும். தோட்டக் கமிட்டிகள் இதை எழுத்தில் கொடுக்கட்டும். நிர்வாகத்திடம் சேர்ந்தே கேட்போம்.

இன்று வீட்டுக்குப் போனதும், மடித்து வைத்த அந்தத் துண்டை வெளியே எடுங்கள்.