காணிக்கையும் கூலியும்



கிறிஸ்தவ திருச்சபையின் பணி யாது என்று கேட்டால், பெரும்பாலோர் தயங்காது கூறும் விடை ஒன்றுண்டு. நற்செய்தியைப் போதித்தல், ஞானஸ்நானம் கொடுத்தல், ஆன்மாக்களை ஈடேற்றத்தின் வழியில் நடத்துதல் என்பதே அவ்விடை. பள்ளிக்கூடங்களையும் வைத்தியசாலைகளையும் அதனோடு சேர்த்துக்கொள்வாரும் உளர். ஆனால் கூலியைப் பற்றியும் நிலத்தைப் பற்றியும், ஒருவன் மற்றொருவனை அடக்கியாளுவதைப் பற்றியும் ஒரு குருவானவர் பிரசங்க பீடத்திலிருந்து பேசத் தொடங்கினால், இஃது அவருடைய வேலையன்று என்ற முணுமுணுப்பு உடனே எழுகின்றது.

நீதிக்காகக் குரல் எழுப்புதல் திருச்சபையின் பணியோடு பின்னர் ஒட்டவைக்கப்பட்ட ஒன்றா? அன்றி, அப்பணியின் உயிர்நிலையா? இக்கேள்வியை வெறும் வாதங்களால் ஆராய்வதிலும், ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் நிகழ்ந்த ஒரு வரலாற்றின் துணைகொண்டு ஆராய்தல் நலம் என எண்ணுகின்றேன்.

1492ஆம் ஆண்டில் கொலம்பஸ் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து சென்று கண்ட தீவுகளுள் ஒன்று இஸ்பானியோலா. இன்று எயித்தி, தொமினிக்கன் குடியரசு என்னும் இரு நாடுகள் அத்தீவில் அமைந்துள்ளன. அங்கே தாயினோ என்னும் மக்கள் மரவள்ளி பயிரிட்டும் மீன் பிடித்தும் வாழ்ந்து வந்தார்கள். அவர்களைத் தேடி வந்த ஸ்பானியர் தேடியதோ பொன். ஆற்றுமணலை அரித்துப் பொன் எடுப்பதற்குக் கைகள் வேண்டும். அக்கைகளைப் பெறுவதற்கு ஓர் ஏற்பாடு செய்யப்பட்டது. ஸ்பானிய மொழியில் அதற்கு 'என்கொமியேந்தா' என்று பெயர். 'ஒப்படைப்பு' என்பது அதன் பொருள். அதாவது, குடியேறிய ஸ்பானியர் ஒருவரிடம் இத்தனை சுதேசிகள் என்று ஒப்படைக்கப்பட்டார்கள். அவர்கள் அவருக்கு உழைத்துக் கொடுத்தல் வேண்டும். அதற்குக் கைம்மாறாக அவர் அவர்களுக்குக் கிறிஸ்தவ விசுவாசத்தைக் கற்பித்தல் வேண்டும்.

நேயர்களே, இந்த ஏற்பாட்டை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். அங்கே வேதபோதனை மறுக்கப்படவில்லை, மறக்கப்படவும் இல்லை. கொடுமைக்குக் கொடுக்கப்பட்ட நியாயமே வேதபோதனைதான். ஆன்மாவுக்கு நன்மை செய்கின்றோம் என்ற பெயரால் சரீரம் சுரண்டப்பட்டது. பெரியம்மை அத்தீவை அடைந்தது 1518ஆம் ஆண்டின் இறுதியிலேதான். அதற்கு முன்னரே போரும் பட்டினியும் பிற நோயும் ஓயாத சுரங்கவேலையும் அம்மக்களை அழித்துவிட்டன. ஸ்பானியர் வரும்பொழுது பல இலட்சம் பேர் இருந்தனர் என்று பலர் மதிப்பிடும் அத்தீவில், 1514ஆம் ஆண்டில் தொழிலாளரைப் பங்கிடும்பொழுது எண்ணப்பட்டவர் ஏறத்தாழ இருபத்தாறாயிரம் பேரே.

1510ஆம் ஆண்டில் தொமினிக்கன் துறவிகள் என வழங்கும் சாமிநாதர் சபைத் துறவிகள் சிலர் அங்கே வந்து சேர்ந்தனர். அவர்களுடைய தலைவர் பேத்ரோ தெ கோர்தொபா என்னும் இளந்துறவி. அவர்கள் ஓராண்டு காலம் கண்டார்கள், கேட்டார்கள், தமக்குள்ளே ஆலோசித்தார்கள். பின்னர், ஒரு பிரசங்கத்தை எல்லோருமாகச் சேர்ந்து எழுதி, எல்லோரும் அதிலே கையொப்பமும் இட்டார்கள். ஒருவருடைய ஆத்திரம் என்று எவரும் அதனைத் தள்ளிவிடக் கூடாதன்றோ! அதனைப் பேசும் பொறுப்பு அந்தோனியோ தெ மொந்தேசீனோஸ் என்பவரிடம் கொடுக்கப்பட்டது. தேசாதிபதியாகிய தியேகோ கொலம்பசையும் மற்றைய அதிகாரிகளையும் தவறாது வரும்படி அழைத்தார்கள். இந்தத் தியேகோ, கொலம்பசின் மகன்.

1511ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 21ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய திருவருகைக் காலம். சாந்தோ தொமிங்கோ நகரத்துக் கோவிலிலே கூடியிருந்தோரை நோக்கி மொந்தேசீனோஸ் கேள்விகளை அடுக்கினார். இம்மக்கள் மனிதர் அல்லரோ என்று கேட்டார். பகுத்தறிவுள்ள ஆன்மா அவர்களுக்கு இல்லையோ என்று கேட்டார். எந்த உரிமையைக் கொண்டு அவர்களை இவ்வாறு வருத்துகின்றீர்கள் என்று கேட்டார். இந்நிலையில் இருக்கும்வரை உங்களுக்கு ஈடேற்றம் இல்லை என்றும் துணிந்து கூறினார். அவர் பேசிய மூலப்பிரதி இன்று இல்லை. பின்னாளில் லாஸ் காசாஸ் என்பவர் எழுதிய வரலாற்றின் வாயிலாகவே அது நமக்குத் தெரியவந்தது.

அன்று பிற்பகலே அதிகாரிகள் துறவிகளின் இல்லத்துக்குச் சென்று, சொன்னதைத் திரும்பப் பெற வேண்டும் என்று அதட்டினார்கள். சொன்னவர் ஒருவர், சொல்லோ எங்கள் எல்லோருடையதும் என்று பேத்ரோ தெ கோர்தொபா அமைதியாக விடையளித்தார். மன்னிப்புக் கேட்கப் போகின்றார் என்று எதிர்பார்த்து, அடுத்த ஞாயிறும் கோவில் நிரம்பியது. மொந்தேசீனோஸ் முன்னர்ச் சொன்னவற்றை மேலும் உறுதிப்படுத்தியதோடு, சுதேசிகளை இவ்வாறு வருத்துவோருக்கு இனிப் பாவசங்கீர்த்தனம் கேட்கமாட்டோம் என்றும் அறிவித்தார்.

இவ்விடத்தில் உண்மையை மறைக்காது கூறுதல் வேண்டும். திருச்சபை முழுவதும் அன்று அத்துறவிகளின் பக்கம் நிற்கவில்லை. குடியேறியோரின் சார்பாக அரசனிடம் முறையிடச் சென்றவர் வேறொரு சபையைச் சேர்ந்த துறவியே. அரசன் கண்டித்தான், ஸ்பெயினிலிருந்த அவர்களுடைய சொந்தச் சபைத் தலைவரும் கண்டித்தார். பின்னர் மொந்தேசீனோஸ் நேரிற் சென்று அரசனுக்கு நிலைமையை எடுத்துரைத்ததன் பயனாக, 1512ஆம் ஆண்டு இறுதியில் புர்கோஸ் நகரில் சட்டங்கள் பிறந்தன. அவை வேலைநேரத்துக்கும் உணவுக்கும் விதிகள் வகுத்தன. ஆனால் ஒப்படைப்பு முறையை ஒழிக்கவில்லை.

அப்படியாயின், அந்தப் பிரசங்கம் தோற்றதா? இதற்கு விடை, மேலே நான் குறிப்பிட்ட பர்த்தொலோமே தெ லாஸ் காசாஸ் என்பவரின் வாழ்க்கையிலே உள்ளது.

அவர் ஒரு குருவானவர். அதே வேளையில் சுதேசிகளைத் தம்மிடம் ஒப்படைக்கப் பெற்ற ஒரு சொந்தக்காரருமாவார். அக்காரணத்தால் தொமினிக்கன் துறவி ஒருவர் ஒருமுறை அவருக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்க மறுத்துவிட்டார். லாஸ் காசாஸ் வாதாடினார். ஆனால் தம் உடைமையைக் கைவிடவில்லை. 1514ஆம் ஆண்டில் அவர் கியூபாத் தீவிலே பிரசங்கம் ஒன்றுக்கு ஆயத்தஞ் செய்துகொண்டிருந்தார். சீராக்கின் ஞானநூலில் ஒரு பகுதி அவர் கண்ணிற் பட்டது. ஏழையின் பிழைப்பைப் பறித்துப் படைக்கும் காணிக்கையை இறைவன் ஏற்பதில்லை என்பதும், உழைப்பாளியின் கூலியைப் பிடுங்குவது அவன் உயிரையே பிடுங்குவதாகும் என்பதும் அப்பகுதியின் கருத்து. தாம் பீடத்தில் வைக்கும் அப்பமும் இரசமும் யாருடைய வியர்வையிலிருந்து வந்தன என்று அவர் எண்ணிப் பார்த்தார். தம்மிடம் ஒப்படைக்கப்பட்டவர்களை விடுவித்தார். அடுத்த ஆண்டிலேயே மொந்தேசீனோசுடன் கப்பலேறி ஸ்பெயினுக்குச் சென்று வழக்குரைக்கலானார். 1566ஆம் ஆண்டில் இறக்கும்வரை, ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் அவர் ஓயவில்லை.

1537ஆம் ஆண்டில் மூன்றாம் பவுல் பாப்பரசர், அம்மக்கள் மெய்யான மனிதர் என்றும், அவர்கள் கிறிஸ்தவர் அல்லாதவராயினும் அவர்களுடைய சுதந்திரத்தையும் உடைமையையும் பறித்தல் ஆகாது என்றும் அறிவித்தார். 1542ஆம் ஆண்டின் புதிய சட்டங்கள் சுதேசிகளை அடிமைப்படுத்துவதைத் தடுத்தன. ஆயினும் குடியேறியோரின் எதிர்ப்புக்கு அஞ்சி, அவற்றின் முக்கியமான பிரிவொன்று 1545ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டது.

லாஸ் காசாசைக் குற்றமற்ற மாமனிதராக நான் உங்கள் முன் நிறுத்தவில்லை. சுதேசிகளின் சுமையைக் குறைக்கும் பொருட்டு ஆபிரிக்க அடிமைகளைக் கொண்டு வரலாம் என்று அவரே ஒரு காலத்தில் ஆலோசனை கூறினார். ஓர் இனத்தின் கண்ணீரைத் துடைக்க மற்றோர் இனத்தின் கண்ணீரை விலையாகக் கொடுக்க எண்ணிய பெரும் பிழை அது. பின்னர் அந்த அநீதியை உணர்ந்து வருந்தினார். தம்முடைய அறியாமை இறைவன் முன்னிலையில் தமக்கு மன்னிப்பைப் பெற்றுத் தருமோ என்ற ஐயத்தையும் எழுதி வைத்தார். நீதி பங்கு போடத்தக்கதன்று என்ற பாடத்தை, அவருடைய வெற்றிகளிலும் பார்க்க இப்பிழையே நமக்கு நன்றாகப் புகட்டுகின்றது.

இனி, தொடக்கத்திற் கேட்ட கேள்விக்கு மீள்வோம். நீதி திருச்சபையின் பணிக்கு வெளியே நிற்பதாயின், இஸ்பானியோலாவில் ஒரு குறையும் நிகழவில்லை என்றே கூறல் வேண்டும். அங்கே ஞானஸ்நானம் இருந்தது, பூசை இருந்தது, போதனைக்குச் சட்டமும் இருந்தது. இல்லாதிருந்தது நீதி ஒன்றே. அஃது இல்லாமையால் மற்றவை யாவும் பொய்யாயின. உழைப்பவனை மாட்டிலும் கீழாக நடத்திக்கொண்டு அவனிடம் இறைவனின் அன்பைப் பேசினால், கேட்பவன் செவியில் விழுவது சொல்லன்று, சாட்டையின் ஓசையே.

1971ஆம் ஆண்டில் உரோமாபுரியிற் கூடிய கத்தோலிக்க மேற்றிராணிமாரின் மாநாடு, நீதிக்காக உழைத்தல் நற்செய்தியைப் போதிப்பதிலேயே உள்ளடங்கிய ஓர் அமிசம் என்று அறிவித்தது. நானூற்று அறுபது ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு தீவிலே சில ஏழைத் துறவிகள் கையொப்பமிட்டு வைத்த உண்மைதான் அது.

நம்முள்ளே கிறிஸ்தவர் இருக்கலாம், சைவர் இருக்கலாம், இஸ்லாமியர் இருக்கலாம். எந்த ஆலயத்திற் காணிக்கை வைத்தாலும், வைக்கும் கை ஒரு கணம் தயங்கி நிற்கட்டும். தோட்டத்திலோ வயலிலோ கடையிலோ வீட்டு அடுக்களையிலோ எனக்காக உழைத்தவருக்குச் சேர வேண்டியது சேர்ந்துவிட்டதா என்று கேட்கட்டும். சேராதிருப்பின், காணிக்கையைச் சற்றுப் பொறுக்கச் சொல்லலாம்; இறைவன் காத்திருப்பார். கூலிக்காரனின் வீட்டிலே அடுப்புக் காத்திராது.