நோய்க்குறிப்பும் ஒரு மொழியே


‘பைஹெல்த்’ என்னும் ஆழ்கற்றல் மென்பொருள், நோயாளியின் ஒவ்வொரு வருகையிலும் பதிவான நோய்க்குறியீடு, மருந்து, சோதனை ஆகியவற்றைச் சொற்களைப் போல் நிரல்படுத்தி, அடுத்து நேரக்கூடியதைக் கணிக்கிறது. தொடரில் அடுத்த சொல்லை ஊகிப்பது போன்றதே இது. அதில் பலரும் கையாளும் ‘மிமிக்’ தரவோ பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றினது.

மலேசியாவில் வயதுவந்தோருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு உண்டென 2019ஆம் ஆண்டுத் தேசிய உடல்நல ஆய்வு கண்டது. இந்தியரிடையே அது மிகுதி. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் நம் முதியோர் காலில் ‘மதமதப்பு’, ‘எரிச்சல்’, ‘மரத்துப்போச்சு’ என்பர். மூன்றும் ஒன்றல்ல. ஒரே ஆங்கிலச் சொல்லாய்ப் பதிந்துவிட்டால், பொறி அவ்வேறுபாட்டை ஒருபோதும் கற்காது.

ஆகவே இச்சொற்களைத் தொகுப்போம். மருத்துவரோடு அமர்ந்து பொருள் வரையறுப்போம். அதுவே மொழி பயின்றோர் கடமை.