ஹேட்டி மெக்டேனியலுக்குப் போட்ட தனி மேசை

(வாசிப்பு வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கலைஞர்களும் விருதுகளும் பற்றிப் பேசச் சொன்னீர்கள். நான் ஒரே ஒரு நடிகையைப் பற்றி மட்டும் பேசிக்கொள்கிறேன்.

1940 பிப்ரவரி 29, லாஸ் ஏஞ்சலஸ் அம்பாசடர் ஹோட்டலில் ஆஸ்கர் விழா. 'கான் வித் த விண்ட்' படத்தில் மேமி என்ற அடிமைப் பணிப்பெண்ணாக நடித்த ஹேட்டி மெக்டேனியலுக்குச் சிறந்த துணை நடிகை விருது. ஆஸ்கர் வென்ற முதல் கறுப்பினக் கலைஞர் அவர்தான். ஆனால் அந்த ஹோட்டலுக்குள் கறுப்பின மக்களுக்கு இடமில்லை. தயாரிப்பாளர் செல்ஸ்னிக் தனியே கேட்டுக்கொண்ட பிறகுதான் உள்ளே விட்டார்கள். படக்குழு ஒரு பக்கம் உட்கார்ந்திருக்க, ஹேட்டிக்குச் சுவரோரமாக ஒரு சின்ன மேசை. இரண்டு மாதத்துக்கு முன்பு அட்லாண்டாவில் நடந்த முதல் காட்சிக்கோ அவர் போகவே முடியவில்லை.

இரட்டைக் குவளை பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த மேசையை நான் விளக்க வேண்டியதில்லை.

ஹேட்டியின் பெற்றோர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். அப்பா உள்நாட்டுப் போரில் வடக்கின் படையில் நின்று போரிட்டவர். பிள்ளைகள் நாடகக் குழுக்களில் பாடியும் ஆடியும் வளர்ந்தார்கள். 1929 பொருளாதார வீழ்ச்சியில் மேடை வேலை போனதும் ஹேட்டி மில்வாக்கியில் ஒரு விடுதியின் கழிவறைப் பணியாளராகச் சேர்ந்தார். பிறகு அங்கேயே மேடையேறிப் பாடினார். ஹாலிவுட்டுக்கு வந்த பின்பும், வாய்ப்பு இல்லாத நாட்களில் வீட்டு வேலைக்குப் போனார். திரையில் கிடைத்ததும் பெரும்பாலும் அதே வேலைக்காரி வேடம்தான்.

இதற்காக அவரைக் கடுமையாக விமர்சித்தார்கள். என்.ஏ.ஏ.சி.பி.யின் வால்டர் வைட் இத்தகைய வேடங்களை எதிர்த்து ஹாலிவுட்டில் குரல் கொடுத்தார். மேமி பாத்திரம் அடிமைமுறையை அன்பான குடும்ப உறவாகக் காட்டுகிறது. அந்த விமர்சனத்தில் நியாயம் உண்டு. நானும் வகுப்பில் அந்தப் படத்தை அப்படித்தான் பாடம் நடத்துகிறேன். ஆனால் கதை எழுதியவர், பணம் போட்டவர், இயக்கியவர் எல்லோரும் வெள்ளையர்களாக இருக்க, கணக்குக் கேட்பதை மட்டும் அந்த நடிகையிடம் கேட்பது எனக்கு ஒப்பவில்லை. நம் பக்கத்திலும் இந்தப் பழக்கம் இருக்கிறது. நடிக்க வருகிற நம் பிள்ளைகளிடம்தான் முதலில் கொள்கை விளக்கம் கேட்கிறோம்.

அவருடைய வாழ்க்கையில் ஆஸ்கரைவிடப் பெரியதாக நான் நினைப்பது ஒரு வழக்கு. லாஸ் ஏஞ்சலஸின் வெஸ்ட் ஆடம்ஸ் பகுதியில் 'சுகர் ஹில்' என்ற இடத்தில் வீடு வாங்கிக் குடியேறினார். வெள்ளையர் அல்லாதவர் இங்கே குடியிருக்கக் கூடாது என்று பத்திரத்திலேயே நிபந்தனை எழுதியிருந்த இடம் அது. அக்கம்பக்கத்து வெள்ளையர்கள் அவர்களை வெளியேற்ற வழக்குப் போட்டார்கள். ஹேட்டி பின்வாங்கவில்லை, மற்றக் கறுப்பினக் குடும்பங்களோடு சேர்ந்து நின்றார். வழக்கறிஞர் லோரன் மில்லர் வாதாடினார். 1945 டிசம்பரில் நீதிபதி தர்மண்ட் கிளார்க், அரசமைப்பின் 14ஆவது திருத்தத்தைக் காட்டி வழக்கைத் தள்ளுபடி செய்தார். மூன்றாண்டுகளில் ஷெல்லி எதிர் கிரேமர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமே இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்றது. (பிற்பாடு அந்த சுகர் ஹில் வழியாகவே நெடுஞ்சாலை போட்டுக் குடியிருப்பைப் பிளந்தார்கள். நெடுஞ்சாலை யார் தெரு வழியாக வரும் என்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதான்.)

ஆஸ்கர் பட்டயத்தை ஹோவர்டு பல்கலைக்கழகத்துக்கு என்று உயிலில் எழுதினார். அது அங்கே காணாமல் போனது. 2023இல் அகாதமி மாற்றுப் பட்டயம் ஒன்றைச் செய்து கொடுத்தது.

அந்த உயிலில் இன்னொன்றும் கேட்டிருந்தார்: ஹாலிவுட் கல்லறைத் தோட்டத்தில் புதைக்க வேண்டும் என்று. 1952இல் இறந்தபோது, கறுப்பினத்தவருக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். ரோஸ்டேல் கல்லறையில் புதைத்தார்கள். 1999இல் ஹாலிவுட் கல்லறையின் புதிய உரிமையாளர், உடலை இங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று அழைத்தார். குடும்பத்தார் சம்மதிக்கவில்லை. அதனால் ஏரிக்கரையில் ஒரு நினைவுக்கல் மட்டும் நட்டிருக்கிறார்கள். ஹேட்டி இன்னும் ரோஸ்டேலில்தான் இருக்கிறார்.