ஒரு பொருளுக்கு ஒரு சொல்



செங்கல்பட்டிலிருந்து கிழக்கே கடற்கரை நோக்கிச் செல்லும் பேருந்தில் ஏறி அமர்ந்தால், வெளியூரார் எவரேனும் நடத்துநரிடம், "மகாபலிபுரம் போகுமா?" என்று வினவுவதைக் கேட்கலாம். பேருந்தின் நெற்றியிலோ மாமல்லபுரம் என்று எழுதியிருக்கும். இரண்டும் ஓர் ஊரே என்பதை நாம் அறிவோம். ஆழ்வார் பாடிய கடல்மல்லையும் அவ்வூரே. என் ஊராகிய செங்கல்பட்டின் நிலையும் இதுவே. செங்கழுநீர்ப்பட்டு என்பாரும் உளர்; ஆங்கிலேயர் காலத்து ஏடுகளில் 'சிங்கிள்புட்' என்றே காண்கிறோம். பாட்டுக்கும் வரலாற்றுக்கும் இப்பெயர்கள் யாவும் அணி செய்வன. ஆனால், பேருந்துப் பலகையில் காலையில் ஒரு பெயரும் மாலையில் மற்றொரு பெயரும் எழுதினால் என்னாகும்? ஊர் தெரிந்தவன் புன்னகையோடு ஏறிவிடுவான். ஊர் தெரியாதவனே தெருவில் நிற்பான். பலகை எழுதப்படுவதோ அந்தத் தெரியாதவனுக்காகவே.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது, கட்டற்ற மென்பொருள்களுக்கு எழுதப்படும் கையேடுகளைச் சொற்சீர்மை கெடாமல் செப்பனிடும் பணியைப் பற்றியாகும். தமிழாசிரியனாகத் தொடங்கித் தலைமையாசிரியனாக ஓய்வு பெற்ற எனக்கு, கணினியைப் பற்றிப் பேச என்ன உரிமை என்று நீங்கள் கேட்கலாம். அப்பணியில் ஒரு பெரும்பிழை செய்தவன் என்னும் உரிமையே எனக்கு உண்டு. அதனை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

முதலில், கட்டற்ற மென்பொருள் என்பது யாது எனக் காண்போம். ரிச்சர்டு ஸ்டால்மன் என்னும் அமெரிக்கர் 1983-ஆம் ஆண்டு 'குனு' என்னும் திட்டத்தை அறிவித்தார். 1991-இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், 'லினக்ஸ்' என்னும் இயங்குதளக் கருவை வெளியிட்டார். இவ்வகை மென்பொருளின் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய 'பாஸ்' இயங்குதளமும் இவ்வழியில் வந்ததே.

பலர் கூடி இழுக்கும் தேர் இது. அதனால் வரும் வலிமை பெரிது. அதனால் வரும் ஓர் இடர்ப்பாடும் உண்டு. ஒரு நூலைச் சென்னையில் ஒருவர் தொடங்குவார். கோவையில் ஒருவர் தொடர்வார். யாழ்ப்பாணத்தார் ஒருவர் முடிப்பார். ஒருவர் 'பதிவிறக்கம்' என்பார். மற்றவர் 'தரவிறக்கம்' என்பார். ஒருவருக்கு 'வழங்கி', மற்றவருக்குச் 'சேவையகம்'. கோப்புகளை இட்டுவைக்கும் இடம் ஒருவருக்கு 'அடைவு', மற்றவருக்குக் 'கோப்புறை'. இவற்றுள் எதுவும் பிழையான சொல் அன்று. ஆயினும் எல்லாம் ஒரே நூலில் கலந்து வரும்போது, படிப்பவன் இவை வெவ்வேறு பொருள்கள் போலும் என்று மயங்குகிறான்.

நான் ஓய்வு பெற்ற சில ஆண்டுகளுக்குப் பின், எங்கள் பகுதி இளைஞர் சிலர் என்னை நாடி வந்தனர். லினக்ஸ் இயங்குதளத்தில் கோப்புகளைக் கையாளும் முறை பற்றிப் பள்ளி மாணவர்க்காக அவர்கள் ஒரு சிறு கையேடு எழுதியிருந்தனர். "ஐயா, தமிழில் பிழை இருந்தால் திருத்திக் கொடுங்கள்" என்று வேண்டினர். மகிழ்ச்சியோடு சிவப்பு மைப் பேனாவைக் கையில் எடுத்தேன்.

கட்டுரைப் பாடத்தில் நான் பல்லாண்டுகள் மாணவர்க்குச் சொல்லிவந்த அறிவுரை ஒன்று உண்டு: "வந்த சொல்லே மீண்டும் மீண்டும் வருதல் கூடாது, சொல்வளம் வேண்டும்." அதற்கு அரணாக, நன்னூலார் கூறும் நூற்குற்றங்களுள் 'கூறியது கூறல்' என்பதையும் எடுத்துக்காட்டுவேன். அந்தக் கண்ணோடு கையேட்டைப் பார்த்தேன். ஒரே பக்கத்தில் 'நீக்கு' என்னும் சொல் ஆறு முறை வந்திருந்தது. மூன்று இடங்களில் அதனை அடித்துவிட்டு 'அகற்று' என்று எழுதினேன். அடுத்த பக்கத்தில், பென் டிரைவைக் கணினியிலிருந்து பாதுகாப்பாக எடுக்கும் முறையைக் கூறுமிடத்து, 'விடுவி' என்று இருந்தது. அச்சொல் எனக்கு இயல்பாகப் படவில்லை. அதனையும் 'அகற்று' என்று மாற்றினேன். கணினித் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்பதை நான் பார்க்கவே இல்லை. இளைஞர்கள் என்பால் கொண்ட மதிப்பால், நான் திருத்தியவாறே அச்சிட்டுவிட்டனர்.

சில திங்கள் கழித்து, மாமல்லபுரத்திற்குத் தெற்கே கடலோரத்துப் பள்ளி ஒன்றிற்குப் பேசச் சென்றேன். அங்கே பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி. மீனவர் குடும்பத்துப் பெண். தன் பாட்டியார் வாயிலாகக் கேட்ட காற்றின் பெயர்கள், நீரோட்டத்தின் பெயர்கள், மீனின் பெயர்கள், அவற்றைப் பற்றிய செய்திகள் யாவற்றையும் மூன்று வாரம் உழைத்துத் தட்டெழுதியிருந்தாள். வேலை முடிந்தது. பென் டிரைவை எடுக்கவேண்டும். கையேட்டைத் திறந்தாள். 'அகற்று என்பதை அழுத்துக' என்று இருந்தது. திரையில் அச்சொல் இல்லை. முன்பக்கத்தைப் புரட்டினாள். அங்கே 'அகற்று' என்பதும் 'நீக்கு' என்பதும் ஒன்றாகவே வழங்கப்பட்டிருந்தன. ஆகவே அறிவுடைய எந்த மாணவியும் செய்வதையே அவளும் செய்தாள். திரையில் 'நீக்கு' என்று இருந்ததை அழுத்தினாள். 'குப்பைத்தொட்டியைக் காலி செய்யவா?' என்று கணினி பின்னர் வினவியபோது, அதுவும் அம்முறையின் ஒரு படியே எனக் கருதி, 'ஆம்' என்றாள். மூன்று வார உழைப்பும் போயிற்று.

இதனை அவள் என்னிடம் முறையீடாகச் சொல்லவில்லை. "எனக்குத்தான் ஐயா, சரியாகப் படித்துப் புரிந்துகொள்ளத் தெரியவில்லை" என்றாள்.

மாணவர்களே, அச்சொல் என்னை வாட்டியது. அவள் படித்ததில் பிழை இல்லை. நான் எழுதியதில் பிழை. ஆனால், நூலில் உள்ள குற்றத்தைக் கற்பவர் தம் குற்றமாகவே ஏற்றுக்கொண்டு தலை குனிகின்றனர். தெரிந்தவர்க்கு நூலின் குறை தெரிந்துவிடும். தெரியாதவர், "இது நமக்கு வராது" என்று புத்தகத்தை மூடிவிடுகின்றனர். அவ்வாறு மூடிய கைகள் எத்தனையோ, யார் கண்டார்?

நல்லவேளையாகப் பாட்டியார் நலமாயிருந்தார். குறிப்பேட்டில் பாதி இருந்தது. மீதியை அவரே மீண்டும் சொன்னார். நானும் உடனிருந்து கேட்டேன். அம்மூதாட்டியார் வாடை என்றால் வாடையே. கொண்டல் என்றால் கொண்டலே. அழகுக்காகப் பெயரை மாற்றிச் சொல்லும் வழக்கம் அவரிடம் இல்லை. கட்டுமரத்தில் ஒருவர் கூவும் பெயரை மற்றவர் வேறாகக் கொண்டால் கரை சேர்வது அரிது என்பதை அக்குடியினர் அறிவர். மாமல்லபுரத்துக் கலங்கரை விளக்கம் கற்பிப்பதும் இதுவே. ஒவ்வொரு விளக்கத்திற்கும் தனக்கென வகுத்த ஒளிவீச்சு முறை உண்டு. அம்முறை மாலுமிகளின் பட்டியலில் அச்சிடப்பட்டிருக்கும். நாள்தோறும் ஒரே வகையாக மின்னுகிறதே என்று சலித்து ஒருவர் அதனை மாற்றிவைத்தால், கப்பலின் கதி யாதாகும்?

அன்றிரவு நன்னூலை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். 'கூறியது கூறல்' என்பது, சொன்ன கருத்தையே பயனின்றி மீளச் சொல்வது. ஒரு பொருளை அதன் பெயரால் மீண்டும் சுட்டுவது அன்று. அதே குற்றப் பட்டியலில் 'மயங்க வைத்தல்' என்பதும் இருக்கிறது. ஒரு குற்றத்திற்கு அஞ்சி மற்றொரு குற்றத்தில் வீழ்ந்திருந்தேன். சொல்வளம் கதைக்கும் கவிதைக்கும் உயிர். கையேட்டிற்கு உயிர், ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்னும் ஒழுங்கே.

பின்னர் இளைஞர்களோடு அமர்ந்து கையேட்டை முதலிலிருந்து செப்பனிட்டோம். நாங்கள் கைக்கொண்ட முறையைச் சொல்கிறேன், உங்களுக்கும் பயன்படும்.

முதலாவது, சொற்பட்டியல். நூலில் வரும் கலைச்சொற்களை எல்லாம் எழுதி, ஒவ்வொன்றிற்கும் ஒரே பெயரை முடிவு செய்தோம். 'கோப்புறை' என்று கொண்டால் இறுதிவரை கோப்புறையே. 'அடைவு' என்பதைப் பழிக்கவில்லை; முதன்முறை மட்டும் 'அடைவு என்றும் கூறுவர்' என்று சுட்டிவிட்டு மேலே சென்றோம்.

இரண்டாவது, திரையோடு ஒப்பிடல். கையேட்டின் ஒவ்வொரு வரியையும் கணினியில் செய்து பார்த்தல் வேண்டும். திரையில் 'நீக்கு' என்றிருந்தால், அதனினும் இனிய சொல் நமக்குத் தெரிந்திருப்பினும், கையேட்டிலும் 'நீக்கு' என்றே இருத்தல் வேண்டும். திரைச்சொல் பொருத்தமற்றதாயின், அதனை மொழிபெயர்ப்புக் கோப்பிலேயே திருத்த முன்மொழிய வேண்டும். ஆங்கில வரியும் அதன்கீழ்த் தமிழ் வரியுமாக அமைந்த அக்கோப்பு, கட்டற்ற மென்பொருளில் எல்லார்க்கும் திறந்திருக்கிறது.

மூன்றாவது, நடை. ஓரிடத்தில் 'அழுத்துக', ஓரிடத்தில் 'அழுத்தவும்', ஓரிடத்தில் 'அழுத்த வேண்டும்' என்று வந்தால், மூன்றாவது மட்டும் கட்டாயம் போலும் என்று படிப்பவர் எண்ணக்கூடும். ஏவலின் வடிவம் ஒன்றாக இருக்கட்டும்.

நான்காவது, கை வைக்கலாகாத இடங்கள். கணினிக்கு இடும் கட்டளை வரியில் ஓர் எழுத்தையும் அழகுபடுத்தலாகாது. ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் லினக்ஸில் வேறு வேறாகும். அடுத்தடுத்து நிற்கும் இரு சிறு கோடுகளை ஒரு நீண்ட கோடாக்கினால், அச்சில் அழகாக இருக்கும்; கட்டளை இயங்காது. நேரான மேற்கோள் குறியை வளைந்த குறியாக்கினாலும் அவ்வாறே.

தமிழுக்கே உரிய இடர்களும் உண்டு. 'அழி' என்பதை எங்கும் 'நீக்கு' என்று மாற்றுமாறு கணினிக்கு ஆணையிட்டால், 'அழித்தல்' என்பது 'நீக்குத்தல்' ஆகி நிற்கும்! வேற்றுமை உருபும் சந்தியும் ஏற்கும் நம் மொழியில், மாற்றத்தை மனிதர் ஒவ்வோரிடமாகக் கண்டே செய்தல் வேண்டும். மேலும், 'ஔ' என்னும் ஓரெழுத்தும், 'ஒ' எனவும் 'ள' எனவும் அடுத்தடுத்துத் தட்டிய ஈரெழுத்தும் கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றே, கணினிக்கு வேறு. 'ஔவை'யைத் தேடுபவர்க்கு ஈரெழுத்தால் எழுதப்பட்டவர் அகப்படமாட்டார்.

திருத்தியபின் காரணமும் எழுதவேண்டும். 2005-இல் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய 'கிட்' என்னும் கருவி, எந்த வரியை, யார், எப்போது மாற்றினார் என்பதையும் அவர் எழுதும் காரணத்தையும் காத்துவைக்கிறது. முன்பு நான் காரணம் கூறாமல் சிவப்பு மையால் அடித்தேன். காரணம் எழுதும் வழக்கம் இருந்திருந்தால், "கூறியது கூறல் வேண்டா" என்று எழுதியிருப்பேன், "ஐயா, திரையில் அச்சொல்தானே இருக்கிறது?" என்று இளைஞர் ஒருவர் என்னைத் தடுத்திருப்பார்.

இப்பணி நமக்குப் புதிதன்று. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே பயிற்றினார். மாணவர் துணையோடு மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார், கலைச்சொற்களையும் தொகுத்தார். மருத்துவ நூலில் ஒரு மருந்துக்கு இரு பெயர் வந்தால் விளைவு யாது என்பதை நான் சொல்ல வேண்டுவதில்லை. நம் காலத்தில், 2012-இல் தொடங்கிய 'கணியம்' இதழ், கட்டற்ற மென்பொருள் பற்றிய கட்டுரைகளை எளிய தமிழில் வெளியிட்டு வருகிறது. இத்தகைய முயற்சிகளுக்கு எழுதுவோர் கிடைக்கின்றனர். எழுதியதைப் பொறுமையோடு ஒப்பிட்டுப் பார்ப்போரே குறைவு.

புதிய கையேட்டை அச்சிடுமுன், அதே மாணவியிடம் கொண்டு சென்றோம். "நீ செய், நாங்கள் வாய் திறவோம்" என்றேன். அவள் ஒவ்வொரு வரியாகப் படித்துச் செய்தாள். ஓரிடத்தில் மட்டும் அவள் கை நின்றது. "இங்கே எந்தக் கோப்புறையை என்று சொல்லவில்லையே ஐயா" என்றாள். அத்தனை பேர் பார்த்தும் எங்கள் கண்ணில் படாத குறை அது. அவ்வரியை அவளையே திருத்தச் செய்தோம். 'கிட்' ஏட்டில் அத்திருத்தம் அவள் பெயரிலேயே பதிவாகியிருக்கிறது.

ஆகவே, மாணவ மாணவியரே, ஒரு கையேட்டைப் படிக்கும்போது உங்கள் கை தயங்கி நின்றால், உடனே உங்களை நொந்துகொள்ளாதீர்கள். அவ்வரியைக் குறித்துக்கொள்ளுங்கள், திரையோடு ஒப்பிடுங்கள், பிழை நூலில் இருப்பின் எழுதியவர்க்கு அறிவியுங்கள். நிரல் எழுதத் தெரியாதவரும் இப்பணியைச் செய்யலாம். அறியாதவர் தயங்கும் இடம் அறிந்தவர்க்குத் தெரிவதில்லை. அதனைக் காட்ட வல்லவர்கள் நீங்களே.