கதவடைத்த அறையில் நம் பணம்



பட்ஜெட் உரையை டி.வி.யில் பார்க்கிறோம். துறைகள் கேட்கும் பணத்துக்குக் கணக்குக் கேட்கும் இடம் வேறு: 1993-இல் வந்த நாடாளுமன்ற நிலைக்குழுக்கள். 31 எம்.பி.க்கள் துறைச் செயலாளரை உட்காரவைத்துக் கேட்கலாம். பட்டியல் சாதியினருக்குப் போன ஆண்டு ஒதுக்கியதில் எவ்வளவு செலவானது? மீதி ஏன் கிடக்கிறது? உதவித்தொகை ஏன் மாணவர் கைக்கு வரவில்லை?

அந்த அறையில் நமக்கு இடமில்லை, கேமராவும் கிடையாது. கேமரா இல்லாததால்தான் கட்சி பார்க்காமல் பேசுகிறார்கள் என்பார்கள். இருக்கட்டும். மலக்குழிக்குள் இறங்கிச் செத்தவரின் பிள்ளைக்கு, அங்கே என்ன பேசினார்கள் என்று தெரிய வேண்டாமா?

குழுவின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. சரி, அவையிலாவது பேசினார்களா? 2023 மார்ச் 23 அன்று, அமளிக்கு நடுவே, சுமார் 45 லட்சம் கோடி ரூபாய்க்கான மானியக் கோரிக்கைகளை மக்களவை விவாதமே இல்லாமல் நிறைவேற்றியது. இதற்கு 'கில்லட்டின்' என்றே பெயர். பொருத்தமான பெயர்தான்!

ஆக, கேள்வி கேட்ட தடயம் குழு அறிக்கையில் மட்டுமே மிஞ்சுகிறது. அது நாடாளுமன்ற இணையதளத்தில் இருக்கிறது. சமூக நீதித் துறை மானியக் கோரிக்கை அறிக்கையை எடுங்கள். கடைசிப் பக்கங்களில் கூட்டக் குறிப்பு இருக்கும், வந்தவர்கள் பெயரோடு. உங்கள் எம்.பி. அந்தக் குழுவில் இருந்தால், அன்றைக்கு வந்தாரா என்று பாருங்கள். வரவில்லையென்றால், அடுத்த முறை ஊருக்கு வரும்போது கேளுங்கள்.