பிள்ளைகளின் வாய்நலம் நம்மிடம் உள்ள அமானிதம்

(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

நமது மக்தபிற்கு ஓர் உம்மா தம் மகனை அழைத்து வந்தார். அவனது நாக்கு சற்றே வெளியே தெரிவதைக் கண்டு பிள்ளைகள் நகைத்தனர். ஈறில் இரத்தம் கசிந்திருந்தது. வினவியபோது, "பிறவியிலேயே அப்படித்தான் ஹஜ்ரத்" என்றார். அச்சொல்லே இன்று நம்மைப் பேச வைக்கிறது.

அப்பிள்ளைக்கு இருப்பது டவுன் சிண்ட்ரோம். மனித உயிரணுவில் 46 குரோமோசோம்கள் உள்ளன. இவர்களுக்கு 21ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக அமைந்து 47 ஆகிறது. 1866இல் இங்கிலாந்து மருத்துவர் லாங்டன் டவுன் இதனை விவரித்தார். காரணம் 1959இல் பிரான்சில் வெளியிடப்பட்டது. கிரகணம் பார்த்ததாலோ, சொந்தத்தில் நிக்காஹ் முடித்ததாலோ இது வருவதன்று. தாயைப் பழிப்பது அநியாயமாகும்.

இப்பிள்ளைகளுள் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பிறவி இதயக் குறை உண்டு. தைராய்டு, செவி, கண் ஆகியவற்றிலும் குறைகள் நேரலாம். வாய்க்குழி சிறுத்தும் தசைகள் தளர்ந்தும் இருப்பதால் நாக்கு வெளியே தெரிகிறது. வாயால் மூச்சுவிடுவதால் வாய் உலர்கிறது. பற்கள் தாமதித்து முளைக்கும்; சில முளைப்பதேயில்லை. நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றியிருப்பதால் ஈறுநோய் இளமையிலேயே கடுமையாகத் தாக்கும். சொத்தையில்லாத பல்லும் ஆடி விழுந்துவிடும். சிலவகை இதயக் குறை உள்ளோருக்கு, வாயிலுள்ள கிருமிகள் இரத்தத்தில் கலந்து இதயத்தையும் தாக்கக்கூடும். ஆதலின் பல் பிடுங்குமுன் இதயக் குறையைப் பல் மருத்துவரிடம் தெரிவித்தல் அவசியம்.

எனவே "பிறவியிலேயே அப்படித்தான்" என்பது பாதி உண்மையே. குரோமோசோம் பிறவியில் அமைந்தது. ஈறில் கசியும் இரத்தமோ நம் கவனக்குறைவால் வந்தது. மிஸ்வாக்கை வலியுறுத்தும் மார்க்கத்தினர் நாம். தானே பல் துலக்க இயலாத பிள்ளைக்குக் காலையும் இரவும் மென்மையான பிரஷ்ஷால் நாமே துலக்கிவிட வேண்டும். துறைமுகத்திற்கும் கடலுக்கும் செல்லும் வாப்பாமார் இப்பொறுப்பை உம்மாமாரிடம் மட்டும் விட்டுவிடலாகாது. ஒரு வயதிற்குள் பல் மருத்துவரிடம் காட்டி, பின்னர் ஆறு மாதத்திற்கொரு முறையேனும் பரிசோதிக்க வேண்டும்.

2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில், 18 வயது வரையிலான பிள்ளைகளிடம் கண்டறிய வேண்டிய பிறவிக் குறைகளுள் இதுவும் ஒன்று. நம் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவை அணுகுங்கள். இத்தகைய பிள்ளைகளை வீட்டிற்குள் மறைத்து வைக்காதீர்கள். மக்தபின் முன்வரிசையில் அவர்களுக்கு இடமுண்டு.

வல்ல அல்லாஹ் அப்பிள்ளைகளுக்கு ஆரோக்கியத்தையும், நமக்குப் பொறுப்புணர்வையும் நல்கியருள்வானாக. ஆமீன்.