ஹைட்ரஜனும் ஒண்ணேகால் சுற்றும்

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, "நீ ஹைட்ரஜன்ல வேலை பாக்குறியாமே, பசங்களுக்கு ஒரு இருபது நிமிஷம் பேசுப்பா" என்றார். சரி என்றேன். அதற்கடுத்த வாரமே இன்னொரு போன். நம் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு முடித்த தம்பி. "அண்ணா, பசுமை ஹைட்ரஜன் சர்டிபிகேட் கோர்ஸ் முடிச்சிட்டேன். நாப்பதாயிரம் ஆச்சு. அம்மா வளையலை வெச்சுதான் கட்டினாங்க. வேலை கிடைக்குமாண்ணா?" என்று கேட்டான். எத்தனை நாள் வகுப்பு என்றேன். ரெண்டு நாளாம், கம்ப்யூட்டர் திரையில். "ஒரு நட்டாவது முடுக்கச் சொன்னாங்களா?" "இல்லண்ணா, எல்லாம் ஸ்லைடுதான்."

எழுதி வைத்திருந்த உரையைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இப்போது பேசப்போவது அந்தத் தம்பிக்குச் சொல்ல வேண்டிய பதில்தான்.

முதலில் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்பில் தண்ணீருக்குள் மின்சாரம் விட்டு, இரண்டு சோதனைக் குழாய்களில் குமிழி பிடித்தோமே, அதைப் பெரிதாகச் செய்தால் எலெக்ட்ரோலைசர். அதையே திருப்பிப் போட்டு, ஹைட்ரஜனும் காற்றும் கொடுத்து மின்சாரம் எடுத்தால் ஃப்யூயல் செல். பிரிட்டனில் வில்லியம் குரோவ் என்பவர் 1839லேயே செய்து காட்டினார். அப்பல்லோ விண்கலத்தில் மின்சாரம் கொடுத்ததும் இதுதான். ஒரு செல்லில் வேலை செய்யும்போது 0.6, 0.7 வோல்ட்தான் வரும். 12 வோல்ட் வேண்டுமென்றால் ஏறக்குறைய இருபது செல்லை அடுக்க வேண்டும்.

நம் ஊருக்கு இது புதிதும் அல்ல. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1948ல் அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இந்தத் துறைக்கு ஒரு தாய்வீடு. சென்னையில் ஸ்பிக் அறிவியல் நிறுவனம் 1990களிலேயே ஃப்யூயல் செல் அடுக்கு செய்து பார்த்தது. தரமணி ஆய்வுப் பூங்காவில் ஏ.ஆர்.சி.ஐ.யின் ஃப்யூயல் செல் மையம் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் பிரதமர் தூத்துக்குடியிலிருந்து தொடங்கி வைத்த ஹைட்ரஜன் படகு கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் செய்தது. பெரம்பூர் ஐ.சி.எஃப். 2025 ஜூலையில் ஹைட்ரஜன் ரயில் பெட்டியைச் சோதித்துப் பார்த்தது. 2023 ஜனவரியில் மத்திய அரசு 19,744 கோடி ரூபாயில் தேசியத் திட்டம் அறிவித்தது. 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் உற்பத்தி, 6 லட்சத்துக்கு மேல் வேலை என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். அந்த 6 லட்சத்தைக் காட்டித்தான் தம்பியிடம் நாற்பதாயிரம் வாங்கினார்கள்.

இனி என் கதை. 2011ல் மின்னியல் முடித்து, அடுத்த ஆண்டு ஓர் ஆய்வகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். பல்கலைக்கழகத் தேர்வில் நல்ல மதிப்பெண், கொஞ்சம் மிதப்பும் உண்டு. இரண்டாவது வாரம் சோதனை மேடைக்குக் குழாய் இணைக்கச் சொன்னார்கள். இணைத்தேன். சோப்புக் கரைசல் பூசிப் பார்க்க வேண்டும் என்று தெரியும். மத்தியானச் சாப்பாட்டு நேரம், பூசாமலே வால்வைத் திறந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் கூரையில் இருந்த சென்சார் அலறியது. எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். விசிறி ஓடிக்கொண்டிருந்ததால் ஒன்றும் ஆகவில்லை.

ஹைட்ரஜனுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. காற்றில் 4 சதவீதத்திலிருந்து 75 சதவீதம் வரை எந்த அளவில் கலந்தாலும் தீப்பிடிக்கும். நைலான் சட்டையைக் கழற்றும்போது சடசடவென்று வருமே, அந்தப் பொறியே போதும். பகல் வெளிச்சத்தில் தீயும் கண்ணுக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் ஆபரேட்டர்கள் துடைப்பத்தை முன்னே நீட்டிக்கொண்டு நடப்பார்களாம், துடைப்பம் பற்றினால் அங்கே தீ!

அன்று சாயங்காலம் ஐ.டி.ஐ. படித்த டெக்னீஷியன் அண்ணன் ஒருவர் என்னைக் கூப்பிட்டு, அந்த இணைப்பைப் பிரித்துக் காட்டினார். "தம்பி, கையால இறுக்கினதுக்கு அப்புறம் ஸ்பானர்ல ஒண்ணேகால் சுத்து. எண்ணினீங்களா?" எண்ணவில்லை. முக்கால் சுற்றோடு நிறுத்தியிருந்தேன். மூன்று நாள் உட்கார வைத்து அறுபது இணைப்புப் போடச் சொன்னார். நான்கு வருடத்தில் நான் கற்றுக்கொள்ளாததை அந்த மூன்று நாளில் கற்றேன் என்றால், ஆசிரியர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

பிறகு ஒரு கம்பெனி. செல்போன் டவர்களில் டீசல் ஜெனரேட்டருக்குப் பதில் ஃப்யூயல் செல் வைக்கும் வேலை. இயந்திரம் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் சிலிண்டரை லாரியில் ஏற்றி டவர் டவராகக் கொண்டுபோக வேண்டும், அதற்குள் லித்தியம் பேட்டரி விலை இறங்கிவிட்டது. 2016ல் அந்தப் பிரிவையே மூடினார்கள். ஆறு மாதம் விழுப்புரத்தில் வீட்டோடு இருந்தேன். அப்பா ரயில்வேயில் ஃபிட்டராக இருந்தவர். "ஏன்டா தம்பி, இந்த காஸ் வேலையை விட்டுட்டு ரயில்வே பரீட்சை எழுதேன்" என்பார். எழுதவும் செய்தேன், தேறவில்லை.

எனக்குக் கைகொடுத்தது சர்டிபிகேட் அல்ல, அந்த அறுபது இணைப்பு. காஸ்டிக் சோடா ஆலையில் உப்புத் தண்ணீரைப் பிரிக்கும்போது ஹைட்ரஜன் தானாக வரும். அதை அழுத்தி சிலிண்டரில் அடைக்கும் பிரிவுக்கு ஆள் தேவைப்பட்டது. இன்டர்வியூவில் ஒரு குழாயைக் கையில் கொடுத்து, இணைத்துக் காட்டு என்றார்கள். அங்கிருந்துதான் இப்போதுள்ள எலெக்ட்ரோலைசர் வேலைக்கு வந்தேன்.

அதனால் தம்பிகளே, ஹைட்ரஜன் வேலை என்றதும் கார் ஓடுவதையே நினைக்காதீர்கள். கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும், குறைந்தது 9 லிட்டர் சுத்தமான தண்ணீரும் வேண்டும். அதில் அடங்கியிருப்பது 33 யூனிட். ஃப்யூயல் செல் வழியாகத் திரும்பக் கிடைப்பது சுமார் பாதி. ஆக, போட்டதில் மூன்றில் ஒரு பங்குதான் கைக்கு வரும். ஸ்கூட்டருக்கு பேட்டரியே போதும். உரம், எண்ணெய்ச் சுத்திகரிப்பு, எஃகு, இங்கெல்லாம் ஹைட்ரஜன் இல்லாமல் முடியாது, அல்லது நிலக்கரியை விட வேறு வழி குறைவு. மணலியிலும் தூத்துக்குடியிலும் உர ஆலைகள் பல பத்தாண்டுகளாக ஹைட்ரஜனோடு குடித்தனம் நடத்துகின்றன. பக்கத்தில் நெய்வேலி அனல்மின் நிலையத்தில் பெரிய ஜெனரேட்டர்களைக் குளிர வைப்பதே ஹைட்ரஜன்தான். அங்கே அப்ரண்டிஸாகப் போகிற ஐ.டி.ஐ. பையன், ஸ்லைடு பார்த்த பொறியாளரைவிட ஹைட்ரஜனை நெருக்கமாக அறிந்தவன்.

ஆராய்ச்சி செய்ய விருப்பமுள்ளவர்கள் மின்வேதியியலையும் உலோகவியலையும் விடாதீர்கள். பிளாட்டினத்தைக் குறைப்பது எப்படி, நம் சித்திரை வெயிலில் சவ்வு உலராமல் காப்பது எப்படி, ஹைட்ரஜன் ஊடுருவி எஃகு நொறுங்காமல் தடுப்பது எப்படி என்று கேள்விகள் நிறைய மிச்சமிருக்கின்றன. பணம் கட்டும் முன், பயிற்சி நிலையத்தில் காஸ் லைன் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள்.

போன் செய்த தம்பிக்கு, கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்டு நானும் கடிதம் எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை. அவன் இந்த அரங்கில்தான் இருக்கிறான், எழுந்து நிற்கச் சொல்லிச் சங்கடப்படுத்த மாட்டேன். துறைத் தலைவர் அனுமதி கொடுத்திருக்கிறார். நாளைக் காலை 10 மணிக்கு ஆய்வகத்தில் நைட்ரஜன் சிலிண்டர் ஒன்றும், இணைப்புகள் ஒரு பெட்டியும், சோப்புக் கரைசலும் இருக்கும். முதலில் நைட்ரஜனில் பழகுவோம். இருபது பேர் வரலாம். பெண் பிள்ளைகள் தயங்காமல் வரவேண்டும். நைலான் சட்டை வேண்டாம், பருத்தி போட்டுக்கொண்டு வாருங்கள்.